உடைக்குள் இருப்பவன்

முகத்தைக் காட்டாமலே ஒருவன் தன் தொழிலில் தானாக இருக்க முடியுமா? அமெரிக்க பேஸ்பால் மைதானங்களில் மாஸ்காட் என்றொரு ஜீவன் உண்டு. மிருக உடைக்குள் புகுந்து கூட்டத்தைச் சிரிக்க வைப்பவன். பேச்சு கிடையாது. பெயரும் உடைக்குத்தான்.

1974ல் ஸான் டியேகோவில் டெட் ஜியானூலஸ் என்ற கல்லூரி மாணவரை ஒரு வானொலி நிலையம் விளம்பரத்துக்காகக் கோழி உடை அணிய அமர்த்தியது. கூலி மணிக்கு 2 டாலர். கோழி பிரசித்தமாயிற்று. 1979ல் நிலையம் அவரை நீக்கிவிட்டு அதே உடைக்குள் வேறொருவரை அனுப்பியது. கூட்டம் கூச்சலிட்டு நிராகரித்தது. முகம் முன்பும் தெரிந்ததில்லை. பின் எதைக்கொண்டு இனங்கண்டார்கள்? நடையை, தலை சாயும் கணத்தை என்றே எனக்குத் தோன்றுகிறது. அவ்வாண்டு ஜூன் 29 அன்று, புது உடையில், மைதானத்தில் ஒரு பெரிய முட்டையிலிருந்து ஜியானூலஸ் வெளிப்பட்டதைக் காண 47,000 பேர் கூடினார்கள். எந்தக் கோழி உடையிலும் அவர் தோன்றக்கூடாதென்ற தடை செல்லாதென்று 1980ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிற்று.

இன்னொரு உதாரணம், பிலடெல்பியா அணியின் பச்சைப் பிராணி பனாடிக். 1978ல் அதற்குள் முதலில் புகுந்த டேவ் ரேமண்ட் 1993ல் விலகினார். வேறொருவர் புகுந்தார். பிராணி இன்றும் ஆடிக்கொண்டிருக்கிறது.

ஜியானூலஸ் தன்னை மீட்டுக்கொண்டார். ரேமண்ட் தன்னைக் கொடுத்துவிட்டுப் போனார். எழுதுகிறவனுக்கு முதலாவதுதான் கவர்ச்சி. புனைபெயருக்குள் ஒளிந்துகொள்வதே நடையை வைத்து யாராவது கண்டுபிடிக்கட்டும் என்றுதான். தான் போனபின்னும் பிராணி குறைவின்றி இருக்கும்படி ஆடுவது அதைவிடக் கடினமான காரியமென்று நினைக்கிறேன். தன் சேஷ்டைகளை இன்னொருவன் எடுத்துக்கொள்ளச் சம்மதிக்க வேண்டும்.

ஆனால் இங்கேதான் சிக்கல். எந்நேரமும் மாற்றக்கூடிய ஆளையே முதலாளியும் விரும்புகிறான். அகந்தையை விட்டவனும் விலையற்றுப்போன கூலியாளும் வெளியிலிருந்து பார்க்க ஒன்றுபோலவே இருக்கிறார்கள். வித்தியாசம், உடை எப்படிக் கழன்றது என்பதில் இருக்கிறது. ஒருவரிடமிருந்து அது பிடுங்கப்பட்டது. மற்றவர் தானே கழற்றி வைத்தார். தன்னுடையது என்று ஒன்று இருப்பவனால்தான் அதைத் துறக்க முடியும்.

கலைஞன் தன்னை அழித்துக்கொள்ள வேண்டும் என்று உபதேசிப்பவர்களை நான் கேட்க விரும்புவது இவ்வளவுதான்: உடையைக் கழற்றும் உரிமை உள்ளே இருப்பவனிடம் இருக்கிறதா?