பால் வைத்தது போதாது, முடித்துக் காட்டு!

உன் வீட்டு மாடிப்படிக்கு அடியில் ஒரு பெட்டைப் பூனை வந்து படுத்திருக்கிறது. முகத்தைப் பார்த்தால் இன்னும் குட்டிதான். ஒரு வயதுகூட ஆகியிருக்காது. ஆனால் வயிறு இரண்டு பக்கமும் பிதுங்கி நிற்கிறது. வீட்டுக்குள்ளிருந்து குரல்கள் வருகின்றன. "விரட்டு அதை, இங்கயே குட்டி போட்டுடப் போகுது!" "இப்ப விடு. போட்டதும் சாக்குல கட்டி மீன் மார்க்கெட்டுல விட்டுட்டு வந்துடலாம்." "பாவம், கொஞ்சம் பால் வை."

இந்த மூன்றில் உன் குரல் எது? மூன்றாவது என்றுதான் சொல்வாய். நல்ல மனசு உனக்கு. ஆனாலும் தம்பி, தங்கையே, இன்று உன்னிடம் கொஞ்சம் கடுமையாகத்தான் பேசப்போகிறேன். பால் வைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்கிறவன் பாதி வேலைதான் செய்கிறான். சில மாதம் கழித்து அந்தச் சாக்கைத் தூக்கிக்கொண்டு மார்க்கெட்டுக்குப் போகப்போகிறவனும் அவனேதான்!

தன்னம்பிக்கை வேண்டும் என்று எத்தனை புத்தகம் படித்திருப்பாய்! கண்ணாடி முன்னால் நின்று "என்னால் முடியும்" என்று எத்தனை முறை சொல்லியிருப்பாய்! மறுநாளே அந்த வீரம் வடிந்துவிட்டதே, ஏன்? உன் மனம் உன்னிடம் சாட்சி கேட்கிறது. நீ எடுத்து முடித்த காரியம் ஒன்றைச் சொல் என்கிறது. சொல்ல ஒன்றும் இல்லாத இடத்தில் எந்த முழக்கமும் நிற்காது. அடுத்தவரை நாம் எப்போது நம்புகிறோம்? சொன்னதை அவர் முடித்துக் கொடுக்கும்போது. நம்மை நாமே நம்புவதற்கும் வழி அது ஒன்றுதான்.

முடித்துக் காட்ட வேண்டிய காரியம் உன் வாசலிலேயே வந்து கிடக்கிறது. கைதட்ட ஆளில்லை, பரிசு இல்லை, நன்றி சொல்ல அந்த உயிருக்கு வாயும் இல்லை. இதைவிடச் சரியான பரீட்சை உனக்கு எங்கே கிடைக்கும்?

தெரிந்துகொள், பயம் பாதி போகும்

"எனக்கு ஒண்ணும் தெரியாதே" என்கிறாயா? தெரிந்துகொள். பூனை சினையாக இருப்பது ஏறத்தாழ 9 வாரம், 63 முதல் 65 நாள். பெட்டைப் பூனை 4, 5 மாதத்திலேயே பருவத்துக்கு வந்துவிடக்கூடும். உன் மாடிப்படிக்கு அடியில் படுத்திருப்பது வளர்ந்து முடியாத ஓர் உடல். தன் எலும்பையும் வளர்த்துக்கொண்டு, வயிற்றில் இருக்கும் குட்டிகளின் எலும்பையும் அது வளர்க்க வேண்டும். அதற்கு நீ வைத்த ஒரு கிண்ணம் பால் எந்த மூலைக்கு?

உண்மையில் பால் உதவியே இல்லை. வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பசும்பால் செரிக்காது, வயிற்றுப்போக்குதான் மிஞ்சும். தயிர்சாதமும் போதாது. பூனையின் உடல் இறைச்சி தின்று வாழ அமைந்தது. டாரின் என்ற சத்தைப் போதிய அளவு தானே உண்டாக்கிக்கொள்ள அதற்கு முடியாது. மீனிலும் இறைச்சியிலும் இருந்துதான் பெற வேண்டும். அது குறைந்தால் பார்வை கெடும், இதயம் தளரும், கருவில் இருக்கும் குட்டிகளும் பாதிக்கப்படும். எனவே உப்பும் மசாலாவும் சேர்க்காமல் வேகவைத்த கோழி, முள் எடுத்த மீன், முட்டை கொடு. வெங்காயமும் பூண்டும் பூனைக்கு விஷம் என்பதால் குழம்பு மீனை வைக்காதே. முடிந்தால் குட்டிப் பூனைகளுக்கென்று கடையில் விற்கும் தீவனத்தை வாங்கு. சினைப் பூனைக்கும் பால் கொடுக்கும் பூனைக்கும் அதில்தான் சத்து அதிகம். வயிறு நெருக்குவதால் ஒரே தடவையில் நிறையத் தின்னாது. கொஞ்சம் கொஞ்சமாகப் பல தடவை வை. பக்கத்தில் எப்போதும் தண்ணீர் இருக்கட்டும்.

இன்னொரு எச்சரிக்கை. உன் வீட்டு மருந்துப் பெட்டியைத் திறக்காதே! உடம்பு சுடுகிறதே என்று கொடுக்கும் ஒரே ஒரு பாரசிட்டமால் மாத்திரை பூனையின் உயிரைக் குடித்துவிடும். நாய்க்கு உண்ணி போகப் போடும் பெர்மெத்ரின் மருந்தும் அப்படியே. கால்சியம் மாத்திரையைக்கூட மருத்துவர் சொல்லாமல் தராதே.

அவரை எங்கே போய்ப் பார்ப்பது என்கிறாயா? ஊரில் எல்லோரும் மாட்டாஸ்பத்திரி என்று சொல்லும் கால்நடை மருந்தகத்தில் தொடங்கு. அங்கே வசதி இல்லாவிட்டால் எங்கே போகலாம் என்று அவர்களிடமே கேள். 1903-ல் தொடங்கிய சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரி இன்றும் வேப்பேரியில் நிற்கிறது. நாமக்கல், திருநெல்வேலி, ஒரத்தநாடு என்று தமிழ்நாட்டில் வேறு கல்லூரிகளும் உண்டு. சினையாகி 45 நாளுக்கு மேல் ஆகியிருந்தால் எக்ஸ்ரேயில் குட்டிகளின் எலும்புகள் தெரியும். எத்தனை குட்டி என்று எண்ணிவிடலாம். அந்த எண்ணிக்கை உனக்குத் தேவைப்படும்.

அந்த இரவில் நீதான் காவல்

வீட்டில் சத்தமில்லாத ஒரு மூலையில் அட்டைப்பெட்டி வை. அதில் துவைத்த பழைய வேட்டியை விரி. குட்டி போடும் நாள் நெருங்கினால் பூனை சாப்பாட்டைத் தள்ளும், மூலை முடுக்காகத் தேடி அலையும். வழக்கமாக 100 டிகிரி பாரன்ஹீட்டுக்கு மேல் இருக்கும் அதன் உடல் சூடு அதற்குக் கீழே இறங்கும்.

அதன்பின் உன் வேலை கை வைக்காமல் கவனிப்பது. ஒவ்வொரு குட்டியையும் சுற்றியிருக்கும் சவ்வைத் தாயே கிழிக்கும், நக்கும், தொப்புள் கொடியைக் கடித்துத் துண்டிக்கும். முதல் ஈற்றுப் பூனை திகைத்து நின்றால் மட்டும் நீ இறங்கு. குட்டியின் முகத்தின் மேலிருக்கும் சவ்வை உடனே விலக்கி, சுத்தமான துணியால் மெல்லத் தேய்த்துவிடு. ஒரு குட்டிக்கும் அடுத்ததற்கும் இடையே சில நிமிடம் ஆகலாம், ஒரு மணி நேரமும் ஆகலாம். ஆனால் பலமாக முக்கியும் அரை மணி நேரமாகக் குட்டி வெளியே வரவில்லையா? ரத்தம் நிற்காமல் போகிறதா? எண்ணிக்கையில் ஒன்று குறைய, தாய் சோர்ந்து சரிகிறதா? அங்கே நின்று அழாதே. உடனே மருத்துவமனைக்குக் கிளம்பு! மருத்துவரின் எண்ணையும் தெருமுனை ஆட்டோ அண்ணனின் எண்ணையும் முன்கூட்டியே சுவரில் எழுதி ஒட்டியவன் நடுராத்திரியில் நடுங்க மாட்டான். நாம் தைரியம் என்று வியப்பதில் பெரும்பகுதி இப்படி முன்பே செய்துவைத்த ஏற்பாடுதான்.

பிறந்த குட்டி ஏறத்தாழ 100 கிராம் இருக்கும். தினமும் 10 கிராமாவது ஏற வேண்டும். சமையலறைத் தராசில் நிறுத்துப் பார். எடை ஏறாத குட்டிதான் உன் உதவியைக் கேட்கும் குட்டி. முதல் சில வாரம் குட்டியால் தன் உடல் சூட்டைக் காத்துக்கொள்ள முடியாது. பெட்டியில் குளிர் புகாமல் பார்த்துக்கொள். ஒரு வாரத்திலிருந்து இரண்டு வாரத்துக்குள் கண் திறக்கும். பூனை குட்டிகளை ஏழு வீடு மாற்றும் என்பார்கள். ஏழு என்று கணக்கில்லை; தொந்தரவு இருந்தால் மாற்றும். தெருப் பிள்ளைகளைக் கூட்டிவந்து வேடிக்கை காட்டாமல் இருந்தால் அது ஏன் மாற்றப்போகிறது? பால் கொடுக்கும் தாய்க்கு வழக்கத்தைவிட இரண்டு மூன்று மடங்கு தீனி தேவைப்படும். தாய்க்கு உடல் நடுக்கமோ வலிப்போ கண்டால் பால் காய்ச்சலாக இருக்கலாம். அந்த நிமிடமே மருத்துவரிடம் ஓடு.

பலர் தோற்கும் இடம் இதுதான்

நான்காவது வாரம் வரும். குட்டிகள் உருண்டு புரண்டு விளையாடும். நீ எடுத்த வீடியோவை ஸ்டேட்டஸில் பார்த்துவிட்டு எல்லோரும் இதயம் போடுவார்கள். நீ சாதித்துவிட்டதாக நினைப்பாய். கதை முடிந்தது என்று கதவைத் திறந்துவிடுவாய்.

அங்கேதான் தோற்கிறாய்! குட்டிகளுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே தாய் மறுபடி பருவத்துக்கு வரக்கூடும். மதில் மேல் கடுவன் பூனை காத்திருக்கும். வருடத்துக்கு இரண்டு மூன்று ஈற்று, ஈற்றுக்கு நான்கு குட்டி என்று வைத்துக்கொள். முதல் ஈற்றில் பிறந்த பெட்டைகள் அரை வருடத்தில் தாயோடு சேர்ந்து சினையாக நிற்கும். நம் ஊரில் பகல் வெளிச்சத்துக்குப் பஞ்சமில்லாததால் ஏறக்குறைய வருடம் முழுவதும் இது நடக்கும். கணக்கை நீயே போட்டுப் பார்.

பிறக்கும் குட்டிகள் என்ன ஆகும்? அமெரிக்காவின் வட கரோலினாவில் தெருப் பூனைகளின் 169 குட்டிகளைப் பின்தொடர்ந்து பார்த்த ஆய்வு 2004-ல் வெளிவந்தது. ஆறு மாதம் ஆவதற்குள் அவற்றில் 75 விழுக்காடு செத்தோ காணாமலோ போயின. நம் மார்க்கெட்டில் மட்டும் நிலைமை இனிக்குமா? "எங்கயாவது பொழச்சுக்கும்" என்பது நாம் நமக்கே சொல்லிக்கொள்ளும் பொய். பட்டினியில் வாடும்படி ஒரு விலங்கைக் கைவிடுவது 1960-ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். முதல் தடவைக்கு அபராதம் 10 முதல் 50 ரூபாய். அந்தத் தொகைக்கு யாரும் பயப்படப் போவதில்லை. அந்தச் சாக்கு வாயைக் கட்டுகிற கை உன் கையாக இருக்கக் கூடாது. அந்த ரோஷம் உனக்கு வேண்டும்!

ஆபரேஷனுக்குத் தேதி வாங்கு!

தொடங்கியதை முடிப்பது என்றால் இங்கே ஒரே அர்த்தம்தான்: கருத்தடை அறுவை சிகிச்சை. மயக்க மருந்து கொடுத்து சினைப்பையையும் கருப்பையையும் எடுத்துவிடுவார்கள். எட்டு வார அளவில் குட்டிகள் தனியாகத் தின்னப் பழகி, தாயின் மடி வற்றியதும் செய்யலாம். அதுவரை தாயை வெளியே விடாதே. சினை இப்போதுதான் தொடங்கியிருக்கிறது, தாயோ எலும்பும் தோலுமாக இருக்கிறது என்றால், குட்டி போடும்வரை காத்திருப்பதா, இப்போதே ஆபரேஷன் செய்துவிடுவதா என்று மருத்துவரிடம் மனம் திறந்து கேள். உலகெங்கும் பூனைகளைக் காப்பவர்கள் எடுக்கும் முடிவுதான் அது. வெட்கப்பட ஒன்றுமில்லை.

"பாவம், இன்னும் ஒரு தடவை குட்டி போடட்டுமே" என்பார்கள். பாவம் எது? அமெரிக்காவில் 2005-ல் வெளிவந்த ஆய்வு என்ன சொல்கிறது தெரியுமா? ஆறு மாதத்துக்குள் ஆபரேஷன் செய்த பூனைகளுக்கு மடியில் புற்றுநோய் வரும் ஆபத்து 91 விழுக்காடு குறைகிறது; ஒரு வயதுக்குள் செய்தால் 86 விழுக்காடு. பூனையின் மடியில் வரும் கட்டிகளில் மிகப் பெரும்பாலானவை புற்றுநோய்தான். உயிரைப் பறிக்கும் கருப்பைச் சீழ் நோய்க்கும் அதன்பின் இடமில்லை. "குண்டாயிடும்" என்பார்கள். தீனியின் அளவைக் குறை, ஆகாது. "கடுவனுக்கு எதுக்கு?" என்பார்கள். அதற்கும் செய். செய்த பிறகும் சில வாரம் அதைப் பெட்டைகளோடு விடாதே. குட்டிகளை 4, 5 மாதத்துக்குள் கூட்டிப்போ. உன் பூனையைப்போல் வயிற்றைச் சுமந்துகொண்டு இன்னொரு வாசலில் அவை போய் நிற்க வேண்டாம்.

ஆபரேஷனுக்கு முன் எத்தனை மணி நேரம் பட்டினி போட வேண்டும் என்பதை மருத்துவர் சொன்னபடி செய். வீட்டுக்கு வந்ததும் ஏறத்தாழ பத்து நாள், தையலை நக்காமல் காத்துக்கொள். தெருவிலேயே வாழப்போகும் பூனை என்றால் காது நுனியைக் கொஞ்சம் வெட்டி அடையாளம் வைக்கச் சொல். மறுபடி யாரும் பிடித்து வயிற்றைத் திறக்க மாட்டார்கள்.

ஊர் சிரிக்கும், சிரிக்கட்டும்

"பூனைக்கு ஆபரேஷனா? மனுஷனுக்கே வழியில்ல!" என்று தெரு சிரிக்கும். மணிமேகலையில் வரும் ஆபுத்திரனை நினைத்துக்கொள். பெற்றவள் போட்டுவிட்டுப் போன குழந்தை அவன். ஏழு நாள் ஒரு பசு பால் கொடுத்துக் காத்தது. வளர்ந்தபின் வேள்விக்காகக் கட்டிவைத்த பசுவை இரவோடு இரவாக அவிழ்த்துக்கொண்டு போனான். கள்வன் என்றார்கள், பிறப்பைச் சொல்லி இழித்தார்கள், வளர்த்தவரே வீட்டைவிட்டுத் துரத்தினார். அவன் தளர்ந்தானா? மதுரைக்குப் போய்ப் பிச்சை எடுத்து, இல்லாதவர்களுக்கு ஊட்டிவிட்டு மிச்சத்தைத் தின்றான். அவன் கைக்குத்தான் அமுதசுரபி வந்தது.

அது காப்பியம் என்று தள்ளுவாயா? வரலாற்றைப் பார். 1904-ல் மதுரையில் பிறந்த ருக்மிணி தேவி அருண்டேல், 1952-ல் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்டார். வாயில்லா ஜீவன்களுக்காகத் தனிநபர் மசோதா கொண்டுவந்தார். அரசே சட்டம் கொண்டுவரும் என்று பிரதமர் நேரு உறுதி சொல்லும்வரை அவர் விடவில்லை. 1960-ல் சட்டம் வந்தது. அதோடு ஓய்ந்தாரா? 1962-ல் அமைந்த விலங்குகள் நல வாரியத்தின் முதல் தலைவராகப் பொறுப்பேற்று உழைத்தார். பேச்சு மசோதாவாகி, மசோதா சட்டமாகி, சட்டத்துக்கு ஒரு வாரியமும் வரும்வரை பின்தொடர்ந்தாரே, அதற்குப் பெயர்தான் முடித்துக் காட்டுவது!

உன்னிடம் நான் நாடாளுமன்றத்தைக் கேட்கவில்லை. ஒரு தாய், நான்கு குட்டிகள், ஐந்து ஆபரேஷன், அவற்றை வாஞ்சையோடு ஏற்கும் சில வீடுகள். இவ்வளவுதான் கேட்கிறேன். பணம் போதாதா? நான்கு நண்பர்களிடம் பங்கு கேள். குறைந்த செலவில் எங்கே செய்கிறார்கள் என்று விசாரி. கேட்க வெட்கமாக இருக்கிறதா? உனக்காகக் கேட்கும்போது குனியும் தலை, இன்னோர் உயிருக்காகக் கேட்கும்போது நிமிர்வதை நீயே பார்ப்பாய். ஐந்தையும் முடித்த அன்று உன் தெருவில் எதுவும் பெரிதாக மாறியிருக்காது. ஆனால் எடுத்ததை முடிக்கிற மனிதன் ஒருவன் அந்தத் தெருவில் கூடியிருப்பான். அவனை நம்பி நீ எந்த வேலையிலும் இறங்கலாம். ஏனென்றால் அவன் நீதான்.

நல்ல நாள் பார்க்காதே. துணைக்கு ஆள் தேடாதே. கால்நடை மருந்தகத்தை எத்தனை மணிக்குத் திறக்கிறார்கள் என்று இப்போதே விசாரி. நாளைக் காலை கூடையோடு அந்த வரிசையில் முதல் ஆளாகப் போய் நில்!