பீரங்கிக்கு ஒரு முழம் துணி

உங்களிடம் ஒரு பஞ்சாயத்து கொண்டுவந்திருக்கிறேன். தீர்ப்பு சொல்ல எனக்கு வரவில்லை.

ராஜபாளையத்தில் எனக்கொரு நண்பர். பக்கத்தில் சத்திரப்பட்டியில் தறி போட்டிருக்கிறார். வேட்டி, சேலைத் தறி இல்லை; பேண்டேஜ் துணி. ஆஸ்பத்திரியில் உங்கள் காயத்தைச் சுற்றிய வெள்ளைத் துணிகூட அந்த ஊரில் நெய்ததாக இருக்கலாம். அவர் மகன் இன்ஜினீயரிங் மூன்றாம் வருஷம். லீவுக்கு வந்தவன் மாடியறையில் டாங்கி கட்டிக்கொண்டிருந்தான். பிளாஸ்டிக் டி-90. நம் ராணுவம் அதற்கு வைத்த பெயர் பீஷ்மா. பிறப்பு ரஷ்யா என்றாலும், 2009-ல் ஆவடியில் தயாரான முதல் வண்டிகள் ராணுவத்துக்குப் போய்விட்டன.

'பொம்மைதானே' என்கிறீர்களா? அந்த மாடியறையை நீங்கள் பார்த்ததில்லை. அசலில் 35-ல் ஒரு பங்கு. 1960-களின் தொடக்கத்தில் ஜப்பானின் தமியா கம்பெனி, ஒரு பொம்மை டாங்கிக்குள் மோட்டாரும் பேட்டரியும் அடங்க வேண்டுமே என்று பிடித்த அளவு. அதுவே உலகம் முழுக்கப் பரவிவிட்டது. ஒன்பதரை மீட்டர் வண்டி 27 சென்டிமீட்டர் ஆகிவிடும். நூற்றுக்கணக்கான துண்டுகளை ஒவ்வொன்றாகக் கத்தரித்து, பிசிறு நீக்கி, உப்புத்தாளில் தேய்த்து ஒட்ட வேண்டும். அப்புறம் பெயின்ட். அதற்கும் அப்புறம்தான் வேடிக்கை. பளபளவென்று வந்ததை வேண்டுமென்றே அழுக்காக்குவார்கள். சக்கரத்தில் சேறு, விளிம்பில் துரு, இடப்பக்கப் புகைபோக்கியை ஒட்டிக் கரி.

"புதுசா இருந்தா யாரும் நம்ப மாட்டாங்க மாமா" என்றான்.

சண்டை வந்தது வலையால். எதிரி கண்ணில் படாமலிருக்க டாங்கி மேல் வலை போர்த்துவார்களே, அது. பேண்டேஜ் துணியைத் தண்ணீர் கலந்த ஃபெவிகாலில் நனைத்துப் போர்த்தி, காய்ந்ததும் பச்சை அடித்தால் அச்சு அசல் வலை. மாடல் செய்கிறவர்களுக்குப் பழக்கமான வழிதான். பையன் ஒரு முழம் கேட்டான். அப்பா முடியாது என்றுவிட்டார்.

"நான் நெய்யுறது புண்ணுக்குக் கட்ட. புண்ணு பண்றதுக்குப் போர்த்தத் தர மாட்டேன்."

"சண்டையே இல்லேன்னா உங்க துணிய யாருப்பா வாங்குவா?"

அவர் எழுந்து போய்விட்டார். பையன் சொன்னது தப்பு. பிரசவம், ஆபரேஷன், ரோட்டில் விழுகிற டூவீலர் எல்லாம் இருக்க, அந்தத் துணிக்குப் போர் எதற்கு? ஆனால், முழுக்கத் தப்பும் இல்லை. அதுதான் அவரைச் சுட்டிருக்க வேண்டும்.

மறுநாள் பால்கோவா வாங்கப் போகலாம் என்று பையனை ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கிளப்பிக்கொண்டு போனேன். ஆண்டாள் தேர் முன்னால் நின்றவன் கேட்டான்: "தேரும் ஒரு காலத்துல சண்டை வண்டிதானே மாமா? இப்ப அதுல சாமி வருது. அதையே சின்னதா செஞ்சு குழந்தை இழுத்தா பிள்ளைத்தமிழ்ல சிறுதேர்னு பாடுறோம். என் டாங்கி மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு?"

கொஞ்ச நேரம் எனக்குப் பேச்சு வரவில்லை. அப்புறம் அந்த ஊர்ப் பெண்ணே கைகொடுத்தாள். நாச்சியார் திருமொழியில் ஒரு பதிகம் முழுக்க, மணலில் கட்டிய சின்ன வீட்டைச் சிதைத்துவிடாதே என்று கண்ணனிடம் சிறுமிகள் கெஞ்சுகிற கெஞ்சல்தான்.

"சின்னதா செய்யறது பாவமில்லடா. இந்தப் புள்ளைங்களும் சின்னதாத்தான் கட்டுச்சுங்க. அந்த வீட்டுக்காக அழ ஆள் இருந்துச்சு. உன் டாங்கிக்குள்ள யாரு இருக்கா?"

"மூணு பேரு" என்றான் உடனே. முன்னால் டிரைவர், மேலே இடது பக்கம் சுடுகிறவர், வலது பக்கம் கமாண்டர். அவர்கள் காலடியில் வட்டமாக 22 குண்டுகள். 2022-ல் தொடங்கிய உக்ரைன் போரில், இதே வகை ரஷ்ய டாங்கிகளின் தலைப்பகுதி தனியே பிய்ந்து கிடந்த படங்களைப் பார்த்திருப்பீர்கள். அடியில் இருக்கும் குண்டுகள் வெடித்தால் அப்படித்தான். பையனுக்கு அதுவும் தெரிந்திருந்தது.

"அந்த மூணு பேரைச் செய்யலியா?"

"இந்தப் பெட்டியில ஆள் வரலை மாமா."

35-ல் ஒரு பங்கு மனிதன் ஐந்து சென்டிமீட்டர். சுண்டுவிரல் அளவுகூட இருக்க மாட்டான். அவனுக்குப் பெட்டியில் இடமில்லை. சேறு பூசுகிறோம், துரு பூசுகிறோம், ரத்தம் மட்டும் பூசுவதில்லை. பையனைக் குற்றம் சொல்ல எனக்கு மனசில்லை. டி.வி. முன்னால் உட்கார்ந்து 'அடி, விடாதே' என்று கத்துகிறவர்களைவிட அவனுக்கு டாங்கி நன்றாகவே தெரியும். ஆளை மட்டும் விட்டுவிட்டு 'அச்சு அசல்' என்கிறோமே, எனக்கு உறுத்துவது அந்த வார்த்தைதான்.

திரும்பி வந்து நண்பரிடம் ஒரு சமரசம் சொன்னேன். பையன் மூடியைத் திறந்து வைத்து மூன்று பேரையும் செய்யட்டும். நீங்கள் துணி கொடுங்கள்.

அவர் சிரிக்கவில்லை. "ஆளைச் செஞ்சா, அடுத்தாப்ல அவங்க காயத்துக்கும் துணி கேப்பானே?"

லீவு முடிந்து பையன் காலேஜுக்குப் போய்விட்டான். டாங்கி மாடியில் இருக்கிறது. வலை போர்த்தவில்லை. மேல்மூடியை இன்னும் ஒட்டவும் இல்லை.