யாருக்கும் நினைவில்லாத வருடங்கள்

கல்யாண வீட்டில் பந்திக்குக் காத்திருக்கும்போது பக்கத்தில் இருப்பவரிடம் கேட்டுப் பாருங்கள்: உங்களுக்கு ஞாபகம் இருக்கிற ஆகப் பழைய விஷயம் எது? தம்பி பிறந்த இரவில் தன்னைப் பக்கத்து வீட்டில் படுக்க வைத்தது, தேர்க்கூட்டத்தில் கை நழுவிப் போனது, திண்ணையிலிருந்து விழுந்து நெற்றியில் தையல் போட்டது என்று ஏதாவது ஒன்று வரும். வயதைக் கணக்குப் போட்டால் பெரும்பாலும் மூன்றரை, நான்கில் வந்து நிற்கும். அதற்கு முன்னால் ஒன்றும் கிடையாது. "எனக்கு ஒரு வயசுல நடந்ததெல்லாம் ஞாபகம் இருக்கு" என்பவர் எல்லாக் கூட்டத்திலும் ஒருவர் உண்டு. கொஞ்சம் துருவினால், அவர் நினைவு என்று நம்புவது பழைய ஆல்பத்தில் பார்த்த படமாக இருக்கும், அல்லது அம்மா வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்ன கதையாக இருக்கும்.

ஒரு மனிதருக்காக இன்னொருவர் படும் பாட்டில் பெரும்பங்கு அவருடைய முதல் மூன்று வருடங்களில்தான் செலவாகிறது. ராத்திரி முழிப்பு, பால், பீத்துணி, காய்ச்சல், விடிய விடியத் தோளில் போட்டு நடப்பது. இத்தனையையும் அந்த ஆள் மறந்துவிடப் போகிறார் என்பது செய்கிறபோதே தெரியும். பெரியவர்களுக்கு ஒரு உதவி செய்துவிட்டு, அது அடியோடு மறக்கப்படும் என்று தெரிந்தால் நமக்கு எவ்வளவு கசக்கிறது! குழந்தையிடம் மட்டும் அந்தக் கணக்கு எழுவதில்லை. செய்ததெல்லாம் எங்கே போகிறது என்பதுதான் என் கேள்வி.

குழந்தைக்கு ஞாபகசக்தி இல்லை, அதனால் பதிவாகவில்லை என்று சொல்லிவிட முடியாது. அமெரிக்க உளவியலாளர் கரோலின் ரோவி-கோலியர் தொட்டிலுக்கு மேலே பொம்மைகளைத் தொங்கவிட்டு, அதிலிருந்து ஒரு நாடாவை எடுத்துக் குழந்தையின் கணுக்காலில் கட்டினார். காலை உதைத்தால் பொம்மை ஆடும். மூன்று மாதக் குழந்தை இதைச் சில நிமிடங்களில் கண்டுபிடித்துவிட்டது. சில நாள் கழித்து அதே பொம்மையைக் காட்டியபோது, நாடா கட்டுவதற்கு முன்பே கால் உதைக்கத் தொடங்கியது. கிட்டத்தட்ட ஒரு வாரம் வரை அந்தப் பாடம் நின்றது. ஆறு மாதக் குழந்தைக்கு இரண்டு வாரம் நின்றது. மூன்று வயதுப் பிள்ளை போன வருடத்துத் திருவிழாவைப் பற்றிச் சொல்லுவதை நாமே கேட்டிருக்கிறோம். ஆக, நினைவு இருக்கத்தான் செய்தது. எட்டு, ஒன்பது வயதாகும்போது அது கரைந்துவிடுகிறது.

ஏன் கரைகிறது என்பதற்கு டொரான்டோவில் நரம்பியல் ஆய்வாளர்கள் பால் பிராங்க்லாண்ட், ஷீனா ஜோசலின் இருவரும் 2014இல் ஒரு விளக்கம் தந்தார்கள். நினைவைச் சேர்த்துவைக்கும் ஹிப்போகேம்பஸ் என்ற பகுதியில், சின்ன வயதில் புதிய நரம்பணுக்கள் ஏராளமாக முளைக்கின்றன. புதியவை வந்து இணையும்போது பழைய இணைப்புகள் குலைகின்றன. சுண்டெலிக் குட்டிகளில் இந்த முளைப்பின் வேகத்தைக் குறைத்தபோது, அவற்றின் நினைவு கூடுதல் காலம் தங்கியது. மனிதருக்கும் அப்படியேதானா என்பது தனிக் கேள்வி. ஆனாலும் வளர்ச்சியே மறதிக்குக் காரணமாக இருக்கலாம் என்ற எண்ணம் எனக்குப் பிடித்திருக்கிறது. வீடு பெரிதாகும்போது பழைய சுவர் இடிபடுகிறது.

எது தங்குகிறது என்பதைப் பார்க்கலாம். பிறக்கும்போது பெரியவர் மூளையில் கால் பங்குபோல இருக்கும் குழந்தையின் மூளை, மூன்று வயதுக்குள் முக்கால் பங்கைத் தாண்டிவிடுகிறது. காது அதற்கும் முன்னதாகவே தயாராகிவிடுகிறது. கனடாவில் ஜேனட் வெர்க்கர் 1984இல் வெளியிட்ட ஆய்வில், ஆங்கிலம் பேசும் வீட்டுக் குழந்தைகளுக்கு இந்தியின் இருவகைத் தகர ஒலிகளைக் கேட்கக் கொடுத்தார்: நாக்கு பல்லைத் தொட வருவது ஒன்று, மேலே மடிந்து வருவது இன்னொன்று. நமக்குத் 'த'வும் 'ட'வும் போல. ஆறு, ஏழு மாதத்தில் அந்தக் குழந்தைகளுக்கு வித்தியாசம் தெரிந்தது. ஒரு வயதை நெருங்கும்போது தெரியவில்லை. தன்னைச் சுற்றி யாரும் பேசாத ஒலியைக் காது கழித்துக் கட்டிவிடுகிறது. பேசுகிற ஒலியைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்கிறது. நம் காதில் அந்த இரண்டு ஒலிகளையும் பிரித்து உட்கார வைத்தது யார்? ஒன்பதாம் மாதத்தில் இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு தெருவைக் காட்டிப் பேசிய ஒரு சித்தியாக இருக்கலாம், வாசல் பெருக்க வந்தவராக இருக்கலாம். ஆள் போய்விட்டார், ஒலி இருக்கிறது.

இதற்குப் பேச்சு மட்டும் போதாது. பேசுகிற ஆள் வேண்டும். ஆய்வாளர் பட்ரீஷியா குல் சியாட்டிலில் ஒன்பது மாதக் குழந்தைகளுக்குச் சீன மொழி கேட்க ஏற்பாடு செய்தார். சிலருக்கு எதிரே சீனம் பேசுபவர்கள் உட்கார்ந்து பொம்மை காட்டிப் பேசினார்கள். சிலருக்கு அதே ஆட்கள், அதே பேச்சு, ஆனால் திரையில். ஆளோடு இருந்த குழந்தைகள் சீன ஒலிகளைப் பிரித்தறியக் கற்றார்கள். திரை பார்த்தவர்கள் எதையும் கற்கவில்லை. 2003இல் வந்த முடிவு இது. கைபேசியைச் சுவரில் சாய்த்து வைத்து இட்லி ஊட்டும் வீடுகளில் இதைச் சொன்னால் வரவேற்பு இருக்காது. நானும் சொல்லிப் பார்ப்பதில்லை.

நம் பிள்ளைத்தமிழை இந்தக் கண்ணோடு பார்த்தால் ஒன்று புலப்படும். ஐந்தாம் மாதம் ஒரு காலை மடக்கி, கைகளை ஊன்றித் தலை நிமிர்த்தி ஆடுவது செங்கீரை. ஒன்பதாம் மாதம் கைதட்டுவது சப்பாணி. அடுத்து முத்தம் கேட்பது, பிறகு தளிர்நடையில் வரச் சொல்வது. பத்துப் பருவத்தில் பெரும்பகுதி, யாருக்கும் நினைவில் நிற்காத அந்த மாதங்களைப் பற்றியது. நூறு பாட்டிலும் பாடப்படுகிற பிள்ளை வாய் திறப்பதில்லை. ஆடு, கொட்டு, தா, வா என்று ஒருவர் கேட்டுக்கொண்டே இருக்கிறார். பிள்ளை உடம்பால் பதில் சொல்கிறது. புலவர்கள் பாட்டுடைத் தலைவனின் பெருமையைச் சொல்லத்தான் உட்கார்ந்தார்கள். ஆனால் கேட்பதும் பதில் சொல்வதுமான இந்த வடிவத்தை வீட்டுப் பெண்களிடமிருந்துதான் எடுத்திருக்க வேண்டும்.

கேட்க ஆளில்லாமல் போனால் என்ன ஆகும் என்பதை ருமேனியா காட்டியது. அந்த நாட்டை ஆண்ட சர்வாதிகாரி சௌசெஸ்கு 1966இல் கருக்கலைப்புக்குத் தடை போட்டார், மக்கள்தொகையைப் பெருக்க வேண்டுமென்று. வளர்க்க வழியில்லாதவர்கள் பிள்ளைகளை அரசு விடுதிகளில் விட்டார்கள். 1989 டிசம்பரில் ஆட்சி விழுந்தபோது அங்கே லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் இருந்தார்கள். உள்ளே போன வெளிநாட்டவரைத் திடுக்கிட வைத்தது அந்தக் கூடங்களின் அமைதி. அழுதால் யாராவது வருவார்கள் என்று தெரிந்த குழந்தைதான் அழும். 2000இல் தொடங்கிய புகாரெஸ்ட் ஆய்வில் 136 குழந்தைகளைச் சேர்த்து, சீட்டுக் குலுக்குவதுபோலப் பாதிப் பேரை வளர்ப்பு வீடுகளுக்கு அனுப்பினார்கள். வீட்டுக்குப் போனவர்கள் அறிவிலும் ஒட்டுதலிலும் முன்னேறினார்கள். இரண்டு வயதுக்குள் போனவர்கள் நன்றாக மீண்டார்கள். தாமதமானவர்களுக்கு அந்த அளவு கிட்டவில்லை. பாதிப் பேரை ஏன் விட்டுவைத்தார்கள் என்று கோபம் வரும். அந்த விவாதம் இன்னும் ஓயவில்லை.

விடுதிக் கூரையைப் பார்த்தபடி படுத்திருந்ததை அந்தக் குழந்தைகளும் பிற்பாடு நினைவில் வைத்திருக்கப் போவதில்லை. மறந்துபோன அன்பு வேலை செய்வது போலவே மறந்துபோன வெறுமையும் வேலை செய்கிறது. "சின்னப் பிள்ளைதானே, அதுக்கு என்ன தெரியப் போகுது" என்று நாம் சர்வசாதாரணமாகச் சொல்லும் வாக்கியத்தை அதற்குப் பிறகு என்னால் சும்மா கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை.

இதைப் படித்துவிட்டு வேலைக்குப் போகும் தாய் யாராவது கலங்கினால் அது என் நோக்கமில்லை. மூன்று வயதோடு எல்லாம் முடிந்து முத்திரை விழுந்துவிடுகிறது என்பது மிகைப்பேச்சு. மூளை அதற்குப் பிறகும் மாறிக்கொண்டேதான் இருக்கிறது. குழந்தையின் எதிரே ஆடாமல் அசையாமல் முகத்தை வைத்துக்கொள்ளும்படி தாயிடம் சொல்லி, குழந்தை படும் தவிப்பைப் பதிவுசெய்த உளவியலாளர் எட்வர்ட் ட்ரோனிக், சாதாரண வீடுகளையும் கவனித்தார். நல்ல தாயும் சேயும்கூட மொத்த நேரத்தில் 30 சதவீதம் போலத்தான் ஒத்திசைவாக இருக்கிறார்கள். மீதி நேரமெல்லாம் பிசகுவதும் சரிசெய்துகொள்வதும்தான். பசியென்று நினைத்துப் பால் கொடுக்கிறோம், தூக்கத்துக்கு அழுதிருக்கிறது. உடனே மடியை மாற்றித் தட்டிக் கொடுக்கிறோம். களத்துமேட்டு வேப்பமரத்தில் தூளி கட்டிப் போட்டுவிட்டு நாற்று நட்ட பெண்கள் நாள் முழுக்கப் பிள்ளை முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கவில்லை. அழுகைக் குரல் கேட்டால் வரப்பேறி வந்தார்கள். சில சமயம் பக்கத்து வரிசைக்காரி வந்தாள்.

இந்த மறதி அப்பாக்களுக்கு ஒரு லாபத்தைச் செய்திருக்கிறது. பால்ய நினைவுகளைப் பற்றி ஆண்கள் எழுதியதை எடுத்துப் பாருங்கள். சைக்கிள் முன்கம்பியில் உட்கார வைத்துக் கடைத்தெருவுக்குக் கூட்டிப் போன அப்பா, பொட்டலத்தில் மிக்சர் வாங்கித் தந்த அப்பா. நிஜம்தான். ஆனால் பெரும்பாலான அப்பாக்கள் மேடையேறியது, பிள்ளை சொல்லிவிட்டு ஒன்றுக்குப் போகக் கற்றுக்கொண்ட பிறகு. அந்த நேரம் பார்த்து நினைவின் விளக்கும் எரியத் தொடங்கிவிடுகிறது. அதற்கு முன்னால் இருட்டில் நடந்த வேலை முழுக்க வேறு ஆட்களுடையது.

சம்பளமும் இந்த விளக்கைப் பின்தொடர்ந்தே போகிறது என்று எனக்குத் தோன்றுகிறது. கல்லூரிப் பேராசிரியருக்கு அதிகம், பள்ளி ஆசிரியருக்கு அதைவிடக் குறைவு, பால்வாடி டீச்சருக்கு இன்னும் குறைவு, ஆயாவுக்கு எல்லாவற்றிலும் குறைவு. மாணவர் எவ்வளவு தெளிவாக நினைவு வைத்திருக்கிறாரோ அவ்வளவு ஊதியம். அங்கன்வாடித் திட்டம் 1975இல் வந்தது. 1982இல் எம்.ஜி.ஆர். சத்துணவைத் தொடங்கியபோது இரண்டு வயதுப் பிள்ளைகளையும் அதில் சேர்த்தார். இன்று தமிழ்நாட்டில் 54,000-க்கும் மேற்பட்ட மையங்கள் இருக்கின்றன. ஆனாலும் மத்திய அரசின் ஏட்டில் அங்கே வேலை பார்ப்பவர்கள் பெறுவது மதிப்பூதியம்தான். எங்களையும் அரசு ஊழியராக்குங்கள் என்று அவர்கள் ஆட்சியர் அலுவலக வாசலில் உட்காருவது செய்தித்தாளின் உள்பக்கத்தில் வரும்.

எங்கள் ஊர்ப் பால்வாடியில் ஓய்வு பெற்ற ஒரு ஆயாம்மா இருக்கிறார். அவர் கையால் சாப்பிட்டவர்கள் இப்போது பேங்கில் இருக்கிறார்கள், லாரி ஓட்டுகிறார்கள், ஒருவர் துபாயில். வீதியில் பார்த்தால் யாருக்கும் இவரை அடையாளம் தெரியாது. இவருக்கு எல்லாரையும் தெரியும். துபாய்க்காரரின் மனைவியிடம் ஒருநாள் கேட்டாராம்: "இன்னமும் தூங்கறப்போ காது மடலைப் பிடிச்சிக்குதாம்மா அந்தப் புள்ள?" அந்தப் பெண் வெட்கப்பட்டுச் சிரித்துவிட்டு, உங்களுக்கு எப்படித் தெரியும் என்றாளாம்.

மறதி எல்லாருக்கும் ஒரே அளவு இல்லை என்பதும் உண்மை. நியூசிலாந்தில் மாவோரி மக்களிடம் விசாரித்தபோது அவர்களுடைய முதல் நினைவு சராசரியாக மூன்று வயது நிரம்புவதற்கு முன்பே தொடங்கியது. குடும்பக் கதைகளைத் திரும்பத் திரும்பச் சொல்லும் வழக்கம் அவர்களிடம் வலுவானது. பிள்ளைகளிடம் நடந்ததைப் பற்றிப் பேசப் பேச நினைவு வேர்விடுகிறது என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். நமக்கும் அந்த வழக்கம் உண்டு, ஆனால் சொல்லக்கூடியவர்கள் வயதாகிப் போய்க்கொண்டிருக்கிறார்கள். கைபேசியில் ஆயிரக்கணக்கில் படம் இருக்கிறது. படம் எடுத்தவர் படத்தில் இருப்பதில்லை.

என் பெரியம்மாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. அவரிடம் போய் நான் சின்னதில் எப்படி இருந்தேன் என்று கேட்டேன். அம்மாவுக்கு டைபாய்டு வந்து கிடந்த மாதங்களில், கிணற்றடி வீட்டு அம்மா ஒருவர்தான் என்னைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாராம். அவர் பிசைந்த ரசஞ்சோற்றைத்தான் தின்பேனாம். வேறு யார் ஊட்டினாலும் துப்பிவிடுவேனாம். இப்படி ஒருவர் இருந்தார் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். அவர் பெயர் என்ன என்று கேட்டேன்.

பெரியம்மா வெற்றிலையை மடித்தபடி யோசித்தார். "பேரு வர மாட்டேங்குதுடி. ஊரை விட்டுப் போயி எத்தனையோ காலமாச்சு. நீ அந்தம்மா தோள்பட்டையைக் கடிச்சு வெச்சது நல்லா ஞாபகம் இருக்கு. ரத்தமே வந்திருச்சு" என்றார்.