பொய் சொல்லிக் காக்கலாமா குளத்தை?

நல்லதற்காகச் சொல்லும் பொய்யைப் பொய்யென்று தள்ளலாமா என்று கேட்போர் உண்டு. மேடையிலே நின்று விடையிறுப்பது எளிது. குளக்கரையிலே, குறிப்பேடும் கையுமாக நிற்கும்போதுதான் நா தடுமாறுகிறது.

1987 முதல் ஆண்டுதோறும் சனவரித் திங்களில் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடந்து வருகிறது. அதற்காக நாமும் மாணவர் சிலரும், நெல்லைச் சீமைக் குளம் ஒன்றின் கரையில் சனியும் ஞாயிறும் விடியுமுன் போய் நின்றோம். ஊசிவால் வாத்து, நீலச்சிறகி, 7,000 மீட்டருக்கும் மேலே பறந்து இமயத்தைக் கடக்கவல்ல வரித்தலை வாத்து! எந்த நாட்டு எல்லைக் காவலனிடம் இசைவு கேட்டு வந்தன இவை?

எண்ணுவது எப்படி? முதலிற் பத்தை ஒவ்வொன்றாய் எண்ணி, அந்தப் பத்தின் பரப்பைக் கண்ணில் நிறுத்தி, மீதிக் கூட்டத்தை அதனால் அளந்துகொண்டே போகவேண்டும். கூட்டம் பறந்தெழுந்தால் தொலைந்தது கணக்கு, மீண்டும் முதலிலிருந்து!

சனிக்கிழமை 412. ஞாயிறன்று 263. மும்முறை எண்ணினோம், தொகை வளரவில்லை.

“ஐயா, இன்றைக்கும் நானூறு என்றே போட்டுவிடலாமே! தொகை பெரிதானால்தானே குளத்தைக் காப்பார்கள்?” என்றான் ஒரு மாணவன்.

பேதைப் பேச்சன்று அது. 1971-இல் உருவான ராம்சார் ஒப்பந்தத்தின் அளவுகோல்களில் ஒன்று, தவறாமல் 20,000 நீர்ப்பறவைகளேனும் தங்கும் நீர்நிலை உலகச் சிறப்புடையது என்பது. நம் குளம் அந்த வரிசைக்கு எட்டாது; ஆயினும் பெரிய எண்ணுக்குப் பெரிய மதிப்பு என்பதைப் பையன் கண்டுகொண்டான். நமக்கும் ஆசை எழுந்தது, மறைப்பானேன்?

தோழர்களே, அறுபதினாயிரம் ஆண்டு வாழ்ந்தான் மன்னன் என்று புராணம் கூறினால் கைகொட்டி நகைக்கிறோமே, நாம் கூட்டும் நூற்று முப்பத்தேழுக்கு மட்டும் என்ன தனிச் சலுகை?

அதனினும் கொடிது ஒன்றுண்டு. சனிக்கிழமை மாலை, கரையிலே எவரோ வண்டி வண்டியாகக் குப்பையைக் கொட்டிக் கொளுத்திப் போயிருந்தனர். அந்தப் புகையால் பறவைகள் அகன்றனவா, அடுத்த குளத்துக்கு இரைதேடிச் சென்றனவா? ஒரு நாட் கணக்கு அதைச் சொல்லாது. ஆண்டாண்டாய்ச் சேரும் கணக்கே சொல்லும். இன்று நானூறு என்று எழுதினால், புகையால் ஒரு கேடும் இல்லை என்று கொளுத்தியவனுக்கு நற்சான்று வழங்குவது யார்? குளத்தைக் காக்க வந்த நாமல்லவா!

இவ்வளவும் சொன்னோம். பையன் 263 என்று எழுதினான். குறிப்புக்கென விட்ட இடத்தில், எரிந்த குப்பை கிடந்த இடம், நாள், வேளை என்று மூன்று வரி சேர்த்தான். முகம் மட்டும் தெளியவில்லை.