மோகனா எதை நிரூபிக்க வேண்டும்?

“அது சந்தேகம் இல்ல அத்தை, பாசம்.”

கல்யாணம் நிச்சயமான என் அண்ணன் மகள் சொன்னாள். மாப்பிள்ளை பார்க்க வரும்போதெல்லாம் அவள் போனை வாங்கிப் பார்ப்பாராம். செல்லூர் வீட்டு டிவியில் ‘தில்லானா மோகனாம்பாள்’ ஓடிக்கொண்டிருந்தது. எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. அவள் வயதில் நானும் சிக்கல் சண்முகசுந்தரத்தின் கோபத்தைக் காதல் என்றே எண்ணியிருந்தேன்.

கொத்தமங்கலம் சுப்பு ஆனந்த விகடனில் தொடராக எழுதிய நாவலை ஏ.பி. நாகராஜன் 1968இல் படமாக்கினார். நாதஸ்வரக்காரனுக்கும் நாட்டியக்காரிக்கும் போட்டி, அதிலிருந்து காதல். பணக்காரர்கள் மோகனாவை விலைபேசுகிறார்கள்; வைத்தி தரகு பார்க்கிறான். அவள் இணங்கவில்லை. ஆனாலும் சண்முகசுந்தரம் சந்தேகப்படுகிறான்.

சிவாஜியின் விரல்களுக்குப் பின்னால் ஒலிப்பது எங்கள் மதுரை எம்.பி.என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்களின் மூச்சு. பத்மினி ஆடுவதோ தன் சொந்தக் கால்களால். இரவல் வாசிப்பு சினிமா வழக்கம், குறையாகச் சொல்லவில்லை. ஆனால் கதையில் உண்மைக்குச் சாட்சி கேட்கப்படுவது ஆடுகிறவளிடம் மட்டும்தான். சாட்சி கிடைத்தபின் வருவதற்கு நம்பிக்கை என்று பெயரா? சாட்சி இருந்தால் முன்பின் தெரியாத நீதிபதியும் ஏற்றுக்கொள்வாரே. இதே ஊருக்குச் சிலம்போடு வந்த கண்ணகியும், கணவன் கள்வன் அல்லன் என்று நிரூபிக்க வந்தவள்தான். ஆணின் மேல் பழி விழுந்தாலும் சாட்சியைச் சுமப்பவள் பெண்.

தாய் வடிவாம்பாளைப் பேராசைக்காரி என்று சிரித்துவிடுகிறோம். முத்துலட்சுமி ரெட்டி பல ஆண்டுகள் போராடிய பின் 1947இல் மதராஸ் மாகாணத்தில் தேவதாசி ஒழிப்புச் சட்டம் வந்தது. சிறுமிகளுக்குப் பொட்டுக் கட்டுவதை நிறுத்தியே ஆகவேண்டியிருந்தது. ஆனால் அந்தக் குடும்பங்களில் பெண்களுக்குச் சம்பாத்தியம் இருந்தது, சொத்தும் இருந்தது. அவை போனபின் மானமான வழியாகக் கல்யாணம் ஒன்றையே காட்டினோம். மகள் எதை நம்பிப் பிழைப்பாள் என்பதுதான் வடிவாம்பாளின் கவலை. மகளைப் பணக்காரனிடம் தள்ளப் பார்ப்பதை நான் மன்னிக்கவில்லை. அந்தக் கவலையை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். அண்ணன் மகளும் கல்யாணத்துக்குப் பின் வேலையை விடப்போகிறாளாம். அவர் சொன்னாராம்.

விளம்பரம் வந்தது.

“அவர் போனை நீ வாங்கிப் பார்த்திருக்கியா?”

“அவர் லாக் போட்டிருப்பார் அத்தை” என்றாள். பிறகு என்னைப் பார்க்காமல், டிவியில் ஓடிய சோப்பு விளம்பரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.