முடிக்காத வழிபாடு

வழிபாடு நடந்துகொண்டிருக்கும்போது போலீசார் தேவாலயத்துக்குள் நுழையக் கூடாது என்பது நெதர்லாந்துச் சட்டம். தி ஹேக் நகரின் பெத்தேல் தேவாலயம் 2018 அக்டோபர் 26 அன்று இந்த விதியைக் கையில் எடுத்தது. நாடுகடத்தப்படவிருந்த ஓர் ஆர்மீனியக் குடும்பம், பெற்றோரும் மூன்று பிள்ளைகளும், உள்ளே தஞ்சம் புகுந்திருந்தது. வழிபாடு முடிந்தால்தானே அவர்களைப் பிடிக்க முடியும்?

முடிக்கவே இல்லை.

இரவும் பகலுமாக, கிறிஸ்துமஸையும் கடந்து, 96 நாட்கள் அது நீண்டது. வெவ்வேறு சபைகளைச் சேர்ந்த நூற்றுக்கணக்கான போதகர்கள் முறைவைத்து வந்து நடத்தினார்கள். வெளிநாடுகளிலிருந்தும் சிலர் வந்தார்கள். சட்டத்தை மீறாமல், அதன் வாசகத்தையே பற்றிக்கொண்டு ஜெபித்த இந்தப் பிடிவாதத்தில் பக்தியோடு கொஞ்சம் குறும்பும் இருந்தது.

2019 ஜனவரி 30 அன்று வழிபாடு நிறைவுற்றது. அந்நாட்டிலேயே வளர்ந்துவிட்ட பிள்ளைகளைக் கொண்ட பல நூறு குடும்பங்களின் மனுக்களை மறுபரிசீலனை செய்ய ஆளும் கூட்டணி இணங்கியிருந்தது. அந்த ஆர்மீனியக் குடும்பத்துக்கும் பின்னர் அனுமதி கிடைத்தது. ஆனால் இது இனாமாக வரவில்லை: பரிதாபத்துக்குரிய வழக்குகளில் விதிவிலக்கு தர இணையமைச்சருக்கு இருந்த தனி அதிகாரம், அதே பேரத்தில் பறிபோனது.