காவலும் தூண்டிலும்

தூண்டிலைப் பற்றி ஒழுக்க ரீதியாக யோசிக்கத் தொடங்குகிறவன் முதலில் ஒரு சௌகரியமான தர்க்கத்தைச் சந்திக்கிறான். வலை பலாத்காரம், சிறியது பெரியது என்ற பேதம் பார்க்காமல் வாரிக்கொண்டு போய்விடுகிறது. தூண்டில் மீனிடம் ஒரு தீர்மானத்தைக் கோருகிறது. இரை தொங்குகிறது. கவ்வுவதும் விடுவதும் மீனின் பாடு. கவ்வினால் அது தன் ஆசையால் கெட்டது. கரையில் உட்கார்ந்திருப்பவன் அந்த ஆசைக்கு ஒரு சந்தர்ப்பம் ஏற்படுத்திக் கொடுத்தவன், அவ்வளவுதான். தவளை தன் வாயால் கெடும் என்ற பழமொழியை வைத்துக்கொண்டு இதே நியாயத்தை மனிதர்கள் விஷயத்திலும் நாம் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

இந்தத் தர்க்கத்துக்குள் நான் சில மாதங்கள் நிம்மதியாக இருந்தேன். அது எந்த இடத்தில் உடைந்தது என்பதைச் சொல்லிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

கோச்சடை வைகையின் தென்கரையில் இருக்கிறது. தடுப்பணைக்கு மேற்கே தண்ணீர் தேங்கும் இடங்களில் விடியற்காலையில் நாலைந்து பேர் தூண்டிலோடு உட்கார்ந்திருப்பார்கள். 1959இல் வைகை அணை வந்த பிறகு மதுரைக்காரர்களுக்கு ஆறு என்பது பெரும்பாலும் தண்ணீர் திறந்துவிடப்படும் நாட்களில் மட்டும் ஆறு. மற்ற நாட்களில் ஊர்ச் சாக்கடை கலந்த குட்டைகளின் வரிசை. மேலே ஆகாயத்தாமரை மூடிக் கிடக்கும். இந்தத் தண்ணீரிலும் தாக்குப்பிடித்து நிற்கிற மீன்களில் ஜிலேபிக் கெண்டையும் விராலும் உண்டு. ஜிலேபி இந்த மண்ணின் மீன் இல்லை. ஆப்பிரிக்காவிலிருந்து புறப்பட்டு 1950களில் இந்தியாவுக்கு வந்து சேர்ந்தது. விரால் இங்கேயே இருந்தது. அதன் தலைக்குள், செவுள்களுக்கு மேலே, காற்றை வாங்கி வைத்துக்கொள்ளும் அறை ஒன்று இருக்கிறது. அவ்வப்போது மேலே வந்து காற்றைக் குடிக்காவிட்டால் தண்ணீருக்குள்ளேயே மூச்சு முட்டிச் செத்துப்போகும். கண்மாய் வற்றினால் சேற்றுக்குள் புதைந்து கிடந்து அடுத்த மழைக்கு எழுந்து வரும்.

என்னைப் போன்ற கத்துக்குட்டிக்கு விரால் அகப்படுவதில்லை. மூங்கில் கம்பு, நரம்பு, தக்கை, மண்புழு எல்லாம் வைத்துக்கொண்டு நான் பிடித்தவை உள்ளங்கை அகல ஜிலேபிகள். கரையில் நடக்கும்போது மண் அதிரக் கூடாது, தன் நிழல் தண்ணீரில் விழக் கூடாது, விரால் கவ்வியவுடன் இழுக்காமல் அது இரையை உள்ளே வாங்கும்வரை பொறுக்க வேண்டும் என்பதெல்லாம் ஒவ்வொரு தவறுக்குப் பின்பும் எனக்குச் சொல்லப்பட்டது. சொல்லிக் கொடுத்தவர் அந்தக் கரையில் பல வருஷங்களாக உட்கார்ந்துவரும் ஒரு பெரியவர். பிடிக்கிற மீனை விற்பவர். விராலுக்கு நல்ல விலை உண்டு. உயிரோடு கொண்டுபோனால் இன்னும் கூடுதல்.

மழை ஓய்ந்த ஒரு காலையில் அவர் என் தோளைத் தொட்டு ஆகாயத்தாமரை ஓரத்தைக் காட்டினார். தண்ணீர் மட்டத்தில் ஒரு முறம் அளவுக்குச் சிவப்பாக ஒரு திட்டு அசைந்துகொண்டிருந்தது. அங்கே மட்டும் தூறல் விழுவதுபோல் நீர் பொட்டுப் பொட்டாகக் கலைந்தது. விரால் குஞ்சுகள், நூற்றுக்கணக்கில் இருக்கும். "தாயும் தகப்பனும் இதுக்குக் கீழதான் இருக்கும். தவளையைக் கோத்து இந்தச் செவப்பு மேல போடுங்க தம்பி. எப்படியும் அடிக்கும்." பசியில்லாவிட்டால்கூடவா என்று கேட்டேன். "பசிக்கா அடிக்குது? பிள்ளைக்காக அடிக்குது" என்றார்.

பெரியவர் சொன்னதில் மீனியலுக்கு மாறானது ஒன்றும் இல்லை. விரால் செடி கொடி மண்டிய ஆழமற்ற நீரில் இடம் ஒதுக்கி முட்டையிடுகிறது, முட்டைகள் மிதக்கின்றன, பொரித்த குஞ்சுகள் செந்நிறமாக ஒரே கூட்டமாகத் திரிகின்றன. நிறம் மாறிப் பிரிந்து போகும்வரை, வாரக் கணக்கில், பெற்றவை உடன் இருந்து காக்கின்றன. அருகே வருவது தவளையானாலும் வேறு மீனானாலும் பாய்ந்து தாக்குகின்றன. மீன் தன் முட்டைகளைப் பார்வையாலேயே பொரிக்கிறது என்று ஒரு பழைய நம்பிக்கை உண்டு. மீனாட்சி என்ற பெயருக்கு அந்த வழியில் பொருள் சொல்வார்கள். முட்டையைப் பார்வை பொரிப்பதில்லை. ஆனால் பொரித்த பின் விழிப்போடு உடனிருப்பது உண்மை. மதுரையின் அழுக்குத் தண்ணீரில் அது இன்னும் நடக்கிறது.

என் சௌகரியமான தர்க்கம் உடைந்தது இந்த இடத்தில்தான். சிவப்புத் திட்டின் மேல் விழுகிற தவளையைக் கவ்வும் விரால் ஆசையால் கெடவில்லை. அது இரையைத் தின்ன வரவில்லை, விரட்ட வருகிறது. அதற்குக் கையில்லை, வாய்தான் இருக்கிறது என்பதால் முள் அங்கே மாட்டுகிறது. திருக்குறளில் சூதில் கிடைக்கும் வெற்றி, தூண்டில் இரும்பை மீன் விழுங்கியதற்கு ஒப்பிடப்படுகிறது. அங்கே மீன் பேராசையின் உருவம். அதே உவமையைக் கோச்சடைக் கரையில் வைத்துப் பார்த்தால் ஸ்தானங்கள் மாறிவிடுகின்றன. ஒரு பெரிய மீனை முதல் தடவையாகத் தூக்கிக் காட்ட வேண்டும் என்ற ஆசையில் இரும்பை விழுங்கிக்கொண்டிருந்தது நான்தான்.

ஜிலேபியைப் பற்றி இங்கே ஒரு விஷயம் கவனிக்கத்தக்கது. அதன் பெண் மீன் முட்டைகளையும் குஞ்சுகளையும் தன் வாய்க்குள்ளேயே வைத்துக் காக்கிறது. அந்த நாட்களில் ஏறக்குறைய பட்டினி. அதனால் மண்புழுவை எத்தனை நேரம் தொங்கவிட்டாலும் அதைச் சீண்டுவதில்லை. இரண்டு மீன்களும் செய்வது ஒரே காரியம். ஒன்றின் காவல் வாயை மூடி வைக்கிறது, இன்னொன்றின் காவல் வாயைத் திறக்கிறது. தூண்டில்காரனின் தேர்ச்சி என்பது இந்த வித்தியாசத்தைத் தெரிந்துவைத்திருப்பதுதான்.

தேர்ச்சி என்று நாம் மதிக்கிற அறிவின் ஒரு முகம் இது. ஐஸக் வால்டன் 1653இல் வெளியிட்ட தூண்டில் பற்றிய நூலில், தவளையை முள்ளில் கோப்பதற்கு நேசிக்கிறவனின் கைப்பக்குவத்தைக் கேட்கிறார். பலர் கேலி செய்த இடம் அது. எனக்கு அதில் வேஷம் தெரியவில்லை; கூர்ந்த அறிவும் நேசமும் ஒரே மாதிரியான கவனத்தால் ஆனவை என்கிற சங்கடமான உண்மை தெரிகிறது. விரால் எந்த மாதத்தில் எங்கே குஞ்சு பொரிக்கும், எத்தனை நாள் உடனிருக்கும், எதைக் கண்டால் சீறும் என்று இவ்வளவு தெரிந்தவனை அதன் சிநேகிதன் என்றுதான் சொல்லத் தோன்றும். தெரிந்ததை என்ன செய்கிறான் என்பதில் மட்டும் அவன் பிரிகிறான்.

இதற்கு வழக்கமாக வரும் மறுப்புகள் மூன்று. மீனுக்குப் பாசம் என்று ஒன்று கிடையாது, அது இயல்பூக்கம் என்பது முதலாவது. இருக்கலாம். ஆனால் மீனின் உள்ளே என்ன இருக்கிறது என்பதற்குள் போகாமலே என்னைப் பற்றித் தீர்மானித்துவிட முடியும். அது குஞ்சுகளை விட்டுப் போகாது என்ற நிச்சயத்தின் மேல்தான் நான் தவளையை வீசுகிறேன். அந்த உறுதியை நம்பித் திட்டம் போட்டுவிட்டு, பிறகு அதற்கு அர்த்தமில்லை என்று சொல்லும் உரிமை எனக்கு இல்லை.

இரண்டாவது, பிடித்துவிட்டுத் திரும்ப விட்டுவிடலாமே என்பது. ரப்பர் தவளையும் விலையுயர்ந்த கம்புமாக வரும் இளைஞர்கள் இப்போது இப்படிச் செய்கிறார்கள். வட அமெரிக்க ஏரிகளில் மஸ்கி என்றொரு பெருமீன் உண்டு. ஒன்றைப் பிடிக்கப் பத்தாயிரம் தடவை வீச வேண்டும் என்பார்கள். அங்கும் பலர் போட்டோ எடுத்துக்கொண்டு விட்டுவிடுகிறார்கள். மஸ்கி முட்டைகளைச் சிதறிவிட்டுப் போய்விடுகிற மீன். தண்ணீருக்குத் திரும்பும் மஸ்கி, குஞ்சுகளைப் பொறுத்தவரை எதையும் இழந்து திரும்புவதில்லை. விராலுக்கு அப்படியல்ல. அது கரையில் துடிக்கும் சில நிமிஷங்களில் மற்ற மீன்கள் சிவப்புத் திட்டைக் கலைத்துவிடும். கனடாவின் சில பகுதிகளில், கூடு காக்கும் பாஸ் மீனை அந்தப் பருவத்தில் பிடிக்கவே தடை உண்டு. திருப்பிக் கொடுப்பதாலேயே தீராத கடன் என்று ஒன்று இருப்பதை அந்தச் சட்டம் ஒப்புக்கொள்கிறது.

மூன்றாவது மறுப்பே கனமானது. பெரியவருக்கு இது சோறு. எனக்கு அப்படியில்லை. அவருடைய செயலை என் தட்டில் வைத்து எடைபோடுவது போக்கிரித்தனம். கோடையில் கண்மாய் வற்றி, அழிகண்மாய் என்று ஊர் கூடி ஊத்தாவோடும் கச்சாவோடும் இறங்கும்போதும் விரால்கள் சாகத்தான் செய்கின்றன. அங்கே வஞ்சனை இல்லை. சுருங்கிவிட்ட தண்ணீரில் பசியும் மீனும் நேருக்கு நேர் நிற்கின்றன. மீனைக் கொல்லலாமா என்பதும் எதைப் பிடிமானமாக வைத்துக் கொல்கிறோம் என்பதும் வேறு வேறு கேள்விகள். இரண்டாவது கேள்வி பசியில்லாதவனிடம் மட்டுமே முழு வலுவோடு வருகிறது. ஆகவே அது என்னிடம் வந்தது.

மனிதர்களிடையே போடப்படும் தூண்டில்களும் பெரும்பாலும் ஆசையின் மேல் விழுவதில்லை. மகளின் கல்யாண நாள் குறிக்கப்பட்ட வீட்டுக்கும், பிரசவ அறைக்கு வெளியே நிற்பவனுக்கும், பிள்ளையின் பள்ளிக் கட்டணத்துக்குக் கெடு நெருங்கியவனுக்கும்தான் கந்துவட்டிப் பணம் தாராளமாகக் கிடைக்கிறது. 2003இல் தமிழ்நாட்டில் கந்துவட்டிக்கு எதிராகச் சட்டம் வந்தது. சட்டம் வட்டி விகிதத்தை அளக்கும். சிவப்புத் திட்டைத் தேடி வந்த கண்ணை அதனால் அளக்க முடியாது. மாட்டிக்கொண்டவனைப் பார்த்து நாம் சொல்வதோ, தகுதிக்கு மீறி ஆசைப்பட்டான் என்பது. அவன் ஆசைப்படவில்லை, காவல் நின்றான் என்று சொல்ல நமக்கு வார்த்தை வருவதில்லை.

எழுதுகிறவர்கள் இதிலிருந்து தப்பித்துவிட்டதாக நினைக்கக் கூடாது. யார் எதைக் காத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்வதுதான் எங்கள் தொழிலும். ஒரு கதைக்காகச் சொந்தக்காரர்களின் எந்த இடத்தின் மேல் தவளையை வீசினோம் என்பது அவரவருக்குத் தெரியும்.

அன்று நான் வீசவில்லை. அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. பெரியவர் வீசினார், நான் பார்த்துக்கொண்டிருந்தேன், மீனைக் கூடைக்குள் போட உதவியும் செய்தேன். கோச்சடையில் அய்யனாரும் முத்தையாவும் காவல் தெய்வங்கள். அவர்கள் இதில் யார் பக்கம் என்று எனக்குத் தெரியாது. தெரிந்தது ஒன்றுதான். அந்தச் சிவப்பைப் பார்க்கக் கற்ற கண்ணுக்கு இனி அது தெரியாமல் இருக்க வழியில்லை. தெரியாமல் இருந்தபோது நான் நிரபராதி என்றால் அந்த நிரபராதித்தனத்துக்கு மதிப்பும் இல்லை. தெரிந்த பின் அந்த ஓரத்தை விட்டு நாலடி தள்ளி மண்புழுவைப் போடுகிறேன். ஜிலேபி வருகிறது, வராமலும் போகிறது. பெரியவரின் கணக்கில் நான் இன்னும் கத்துக்குட்டிதான்.